நேரம் சரியாகத்தான் காட்டுகிறது, கவலை தண்ணீரைப் பற்றி

பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கால் ஓடும் மெக்கானிக்கல் வாட்ச் கட்டுகிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படிச் சுற்றினாலும் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "ஒரு நாளைக்கு எத்தனை செகண்டு கூடக்குறைய ஓடுது?" பதிலாக வருகிற எண்ணை வைத்தே அந்த வாட்ச் நல்லதா, கொடுத்த காசுக்குத் தகுமா என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். கொஞ்ச காலமாக இந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. துல்லியம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. தினமும் கையில் கட்டி, பஸ்ஸிலும் ஸ்கூட்டியிலும் போய், சமைத்து, பாத்திரம் கழுவி வாழ்கிற ஒருவரின் வாட்ச் உள்ளே எப்படி இருக்கிறது என்று அறிய அந்த எண் உதவாது என்பதுதான் என் எண்ணம். உள்ளே துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்ட வாட்ச்கூட மாதக்கணக்கில் அருமையாக நேரம் காட்டும். நாம் அதைப் பார்த்து நிம்மதியாக இருப்போம்.

முதலில் அந்த செகண்டுக் கணக்கையே பார்ப்போம். ஒரு நாளில் 86,400 நொடிகள். எச்எம்டி ஜனதா போன்ற சாவி கொடுக்கும் வாட்சின் மிஷின் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. நொடிக்கு 5 துடிப்பு, ஒரு நாளைக்கு 4,32,000. நாளைக்கு 20 நொடி கூடுதலாக ஓடினால் பிழை சுமார் 0.023 சதவீதம். தலைமுடி போன்ற ஒரு சுருள் கம்பியும் (ஹேர் ஸ்பிரிங்), இடமும் வலமுமாக ஆடுகிற ஒரு சின்னச் சக்கரமும் (பேலன்ஸ் வீல்), ஊசிமுனை அளவு எண்ணெயும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சிஓஎஸ்சி அமைப்பு ஒரு மிஷினை 15 நாள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பத்தில் வைத்துப் பார்த்து, சராசரியாக நாளைக்கு 4 நொடி குறைவு முதல் 6 நொடி கூடுதல் வரைக்குள் இருந்தால்தான் குரோனோமீட்டர் என்று சான்று தருகிறது. நம்மில் பலர் கையில் இருக்கிற, கையசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேடிக்குகளுக்கு அவ்வளவு கறார் கிடையாது. பல கம்பெனிகள் வாங்கிப் பொருத்துகிற சீக்கோவின் என்எச்35 மிஷினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பே நாளைக்கு 20 நொடி குறைவு முதல் 40 நொடி கூடுதல் வரை. அதை வாங்கிவிட்டு "12 செகண்டு ஃபாஸ்ட்" என்று தூக்கம் கெடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த 12 செகண்டு தினமும் 12 ஆகவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மிஷின் ஒழுங்காக இருக்கிறது. திடீரென்று மாறினால்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரித்தால் பெரும்பாலும் காரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். நேற்றுவரை சரியாக ஓடியது திடீரென்று ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் முந்துகிறது என்றால் முதல் சந்தேகம் காந்தம். டேப்லெட் மூடி, கைப்பையின் காந்தப் பூட்டு, ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று வீடு முழுக்கக் காந்தம்தான். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கம்பி நீளம் குறைந்ததுபோல் ஆகி, ஆட்டம் வேகமாகிவிடும். ரிப்பேர் கடையில் காந்தம் நீக்கும் சின்னப் பெட்டிமேல் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்; மிஷினைப் பிரிக்கக்கூட வேண்டாம். மாறாக, மெல்ல மெல்லப் பின்தங்கி, ராத்திரி கழற்றி வைத்தால் விடியும் முன்பே நின்றுபோனால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், சர்வீஸ் கேட்கிறது என்று பொருள். இரவில் வைக்கிற நிலையும் கணக்கில் சேரும். என் வாட்ச் டயல் மேலே பார்த்துப் படுத்திருந்தால் கொஞ்சம் முந்தும். சாவிக் குமிழ் மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் கொஞ்சம் பின்தங்கும். பகலில் கூடியதை ராத்திரியில் இப்படியே குறைத்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். வாட்சோடு ஒரு பழக்கம் உண்டாவது இதில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேரம் என்பது மேலே எங்கேயோ எழுதிவைத்த எண் என்கிற நினைப்பில்தான் இந்த நொடிப் பதற்றம் வருகிறது என்று நினைக்கிறேன். இந்தியப் பொது நேரம் 1906இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் ரயில்வே கடைப்பிடித்த மதராஸ் நேரம் இன்றைய நேரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிடம் பின்னால் இருந்தது. சென்னைத் தீர்க்கரேகைக்கு அதுதான் சரியான நேரம். ஒரு நாடு முழுவதும் ஒரே நேரத்துக்கு ஒத்துக்கொண்டதால், இந்த ஊரின் கடிகாரங்கள் எல்லாம் ஒன்பது நிமிடத்தை விட்டுக்கொடுத்தன. இதை நினைக்கும்போது பன்னிரண்டு நொடி என்னைத் தொந்தரவு செய்வதில்லை. அந்தக் காலத்தில் ஆகாசவாணிச் செய்திக்கு முன்னால் வரும் பீப் சத்தத்துக்கு வாட்சைத் திருத்தினார்கள். நான் வாரக் கடைசியில் போனைப் பார்த்துத் திருத்துகிறேன்.

துல்லியம்தான் வேண்டும் என்பவருக்கு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிர்கிற படிகத்தோடு மல்லுக்கட்ட எந்தச் சுருள் கம்பியாலும் முடியாது. சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்கே 15 நொடி அளவில்தான் விலகும். அந்தப் போட்டி 1969 டிசம்பரில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீக்கோ ஆஸ்ட்ரான் விற்பனைக்கு வந்த அன்றே முடிந்துவிட்டது. நம் பக்கத்தில் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அதற்குப் பிறகும் மெக்கானிக்கல் கட்டுகிறோம் என்றால் துல்லியத்துக்காக இல்லை என்று நமக்கே தெரியும். அப்படியிருந்தும் ஏன் அதையே அளந்துகொண்டிருக்கிறோம்? சுலபமாக அளக்க முடிவது அது ஒன்றுதான் என்பதால் இருக்கலாம். போன் செயலி ஒன்றே டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக் கணக்குச் சொல்லிவிடுகிறது. தண்ணீர் புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம் உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்ல எந்தச் செயலியும் இல்லை.

மேசை விளக்கின் கீழே

இந்த எண்ணம் எனக்குள் வந்து உட்கார்ந்தது பாரிமுனைப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை மட்டும் போட்டிருக்கிற ரிப்பேர் கடையில். என் ஆட்டோமேடிக் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது என்று கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் வயதானவர். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் செகண்டுக் கணக்கைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "டைம் கூட ஓடுறத இப்பவே சரி பண்ணித் தரேன்மா, அது ஒண்ணும் பெரிசில்ல. தண்ணி படுமா, அதச் சொல்லுங்க" என்றார். கை கழுவும்போது கழற்றுவதில்லை, மழையில் வண்டி ஓட்டுவேன், பின்மூடியில் போட்டிருக்கிற தண்ணீர் தாங்கும் அளவு போதும்தானே பாய் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து வேறொருவருடைய வாட்சை எடுத்துப் பின்மூடியைத் திறந்து, லென்ஸை என்னிடம் கொடுத்தார்.

அது சாவி கொடுக்கும் வாட்ச். சக்கரங்கள் பளபளவென்று இருந்தன. பேலன்ஸ் வீல் அழகாக ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் சாவிக் குமிழ் நுழைகிற ஓரம் முழுக்கப் பழுப்புப் பொடி. "போன மழைல நனைஞ்சதாம். அன்னைக்குக் கண்ணாடிக்குள்ள ஆவி தெரிஞ்சிருக்கு. வெயில்ல வச்சதும் போயிடுச்சுன்னு திரும்பக் கட்டிக்கிட்டாரு. இத்தன மாசமும் டைம் கரெக்ட். முந்தாநாள் சாவி கொடுக்கப் போனா தண்டு ஒடைஞ்சு கையோட வந்துடுச்சு" என்றார். மழையில் நனைந்ததைத் தவிர அந்த வாட்ச் குளம், கடல் எதையும் பார்த்ததில்லை.

இதில் ஒளிந்திருக்கிற விஷயத்தை அவர் பொறுமையாக விளக்கினார். தண்ணீர் பெரும்பாலும் உள்ளே வருவது சாவித் தண்டு வழியாக. வந்தவுடன் முதலில் படுவது தண்டின்மேலும், சாவி கொடுக்கவும் முள்ளைத் திருப்பவும் உள்ள சின்ன எஃகுப் பாகங்கள்மேலும். நேரம் ஓட்டுகிற சக்கர வரிசை வேறு; அதற்கும் இந்தப் பாகங்களுக்கும், நாம் குமிழைத் தொடாத நேரத்தில், பெரிதாகச் சம்பந்தம் இல்லை. அதனால் ஒரு பக்கம் துரு தின்றுகொண்டிருக்க, மறுபக்கம் மிஷின் நொடி தவறாமல் ஓடும். கண்ணாடியில் படிந்த ஆவி மறைந்தது என்றால் ஈரம் வெளியே போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது உள்ளேயே காற்றோடு கலந்து, குளிர்ந்த இடம் தேடி மறுபடி படியும். மூடியைத் திறந்தால்தான் வெளியே போகும். அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பதும் இதனால்தான் பலிப்பதில்லை: மூடிய பெட்டிக்குள் இருக்கிற ஈரத்தை வெளியே இருக்கிற அரிசி எப்படி இழுக்கும்?

பிறகு என் வாட்சை எடுத்தார். விளக்கின் கீழே வைத்துச் சூடேற்றினார். தொட்டுப் பார்த்துவிட்டு, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியின் நடுவில் வைத்தார். ஒரு நிமிடம் போல விட்டு, துணியால் துடைத்தார். சொட்டு இருந்த இடத்தில், கண்ணாடிக்கு உட்புறம், லேசான ஒரு மூட்டம். சில நொடிகளில் மறைந்துவிட்டது. அவர் சொல்லித் தராவிட்டால் அதை நான் கவனித்திருக்கவே மாட்டேன். திறந்து பார்த்ததில் துரு இன்னும் பிடிக்கவில்லை. குமிழுக்குள் இருக்கிற ரப்பர் வளையம் மட்டும் தட்டையாகி, விறைத்துப்போயிருந்தது. அதையும் பின்மூடி வளையத்தையும் மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவிப் பூட்டினார். நான் எந்தக் குறைக்காகப் போனேனோ அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன நெம்புகோலை மயிரிழை தள்ளுகிற நேரம். "டைம் தப்பா ஓடினா திருத்திடலாம்மா. துரு புடிச்ச பார்ட்ட எங்க போய் வாங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தபோது தெரிந்தது, அவர் மேசையில் செய்தது சர்வதேசத் தரத்தில் எழுதிவைத்திருக்கிற சோதனையேதான். வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடிமேல் குளிர்ந்த சொட்டை ஒரு நிமிடம் வைத்து, உள்ளே மூட்டம் படிகிறதா என்று பார்க்கிறார்கள்.

முப்பது மீட்டர்

பின்மூடியில் 30 மீட்டர், 3 பார், 3 ஏடிஎம் என்று போட்டிருக்கும். 10 மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம், அவ்வளவுதான் கணக்கு. அசையாத தண்ணீரில் அந்த அழுத்தத்தைத் தாங்கியது என்று அதற்குப் பொருள். இதைப் படித்துவிட்டு முப்பது மீட்டர் ஆழம் போகலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதற்கு நேர்மாறாக, கையை வீசினாலே அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும், 30 மீட்டர் வாட்ச் நீச்சலில் தாங்காது என்று சொல்கிறவர்கள் அதைவிட அதிகம். இந்த இரண்டாவது கதையை நான் நீண்ட காலம் கேட்டிருக்கிறேன். பள்ளி இயற்பியலை வைத்துக் கணக்குப் போட்டால் அது நிற்காது. தண்ணீருக்குள் கையை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினாலும் கூடுகிற அழுத்தம் சுமார் 0.125 பார், அதாவது ஒன்றேகால் மீட்டர் தண்ணீர். 30 மீட்டர் தாங்குகிற பெட்டி இதற்கு அசையக் கூடாது.

பிறகு ஏன் 30 மீட்டர் வாட்சுகளில் தண்ணீர் போகிறது? அந்த எண் புது வாட்சுக்கு, புது ரப்பருக்குச் சொன்னது என்பதால்தான். சாதாரண வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 22810 தரத்தில் எல்லா வாட்சையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும் என்பதில்லை, மாதிரி எடுத்துப் பார்த்தால் போதும். முக்குளிப்பவர்களுக்கான ஐஎஸ்ஓ 6425 வேறு ரகம்: குறைந்தது 100 மீட்டர், ஒவ்வொரு வாட்சும் தனித்தனியாக, சொன்ன அழுத்தத்துக்கு மேல் கால் பங்கு கூட்டிச் சோதிக்கப்படும். ஆனால் எந்தத் தரத்தில் தேறிய வாட்சானாலும் ரப்பர் ரப்பர்தான். அது நசுங்கி அடைத்துக்கொண்டிருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது. வருடக்கணக்கில் நசுங்கியே இருந்து, வேர்வையும் சூடும் பட்டு, அது திரும்ப உப்புகிற குணத்தை இழக்கிறது. பின்மூடியில் பொறித்த எண் மட்டும் அழியாமல் அப்படியே இருக்கிறது. மருந்து அட்டையில் இருப்பதுபோல இதற்கும் ஒரு கெடு தேதி போட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

சாவி கொடுக்கும் வாட்சுக்கு இதில் கூடுதல் பாடு. தினமும் காலையில் குமிழைத் திருகும்போதெல்லாம் உள்ளே ரப்பர் உரசித் தேய்கிறது. ஆட்டோமேடிக்கில் குமிழை வாரத்துக்கு ஒருமுறை தொட்டால் அதிகம். இந்த வித்தியாசத்தை விற்கிறவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெயிலும் ஏசியும்

கடல், குளம் எல்லாம் வருடத்தில் எப்போதாவது. நம் ஊரில் வாட்சுக்கு உண்மையான சோதனை தினசரி நடக்கிறது. மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டி ஓட்டிப் போகும்போது வெயில் பட்டு வாட்ச் கொதிக்கிறது. அதே கையோடு ஏசி போட்ட வங்கிக்குள் நுழைகிறோம். கண்ணாடி சட்டென்று குளிர்கிறது. மேசை விளக்கும் ஒரு சொட்டுத் தண்ணீரும் செய்த வேலையை வெயிலும் ஏசியும் செய்கின்றன. உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் சமயத்தில் கண்ணாடிக்கடியில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இப்போதெல்லாம் வெயிலிலிருந்து ஏசிக்குள் போனதும் நான் மணி பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியைத்தான் பார்க்கிறேன்.

சமையலறை இன்னொரு இடம். இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி நேராக மணிக்கட்டில் அடிக்கும். பாத்திரம் தேய்க்கும்போது சோப்புத் தண்ணீர். சோப்பு கலந்த தண்ணீர் சாதாரணத் தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். வாட்சில் ஆண்கள் சொல்லித் தருகிற ஜாக்கிரதைகளில் டைவிங், நீச்சல் குளம், கார் கழுவுவது எல்லாம் வரும். இட்லிப் பானை வருவதில்லை. வேர்வையும் சும்மா இல்லை. குரோம் பூசிய பித்தளைப் பெட்டியில் பின்மூடி ஓரமாகக் குழிகுழியாக அரித்திருப்பதைப் பழைய வாட்சுகளில் பார்த்திருப்பீர்கள். அரித்த பரப்பில் புது ரப்பர் போட்டாலும் சரியாக அடைக்காது.

சரி, என்ன செய்வது? நான் செய்வது எளிமையானது. குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கழற்றிவிடுகிறேன். ஈரக்கையால் குமிழைத் தொடுவதில்லை. ராத்திரி துணியால் வேர்வையைத் துடைத்து வைக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசிவாக்கில், ஒருமுறை சோதிக்கக் கொடுக்கிறேன். பெரிய சர்வீஸ் சென்டர்களில் தண்ணீரே இல்லாமல் காற்றழுத்தத்தில் சோதிக்கும் மிஷின் இருக்கிறது: பெட்டிக்குள் வாட்சை வைத்துக் காற்றை ஏற்றி இறக்கி, மூடி எவ்வளவு அசைகிறது என்று அளந்து, கசிகிறதா என்று சொல்லிவிடும். கேட்டால்தான் செய்வார்கள். யாராவது எந்தக் காரணத்துக்காகப் பின்மூடியைத் திறந்தாலும் ரப்பர் வளையத்தைப் பார்க்கச் சொல்வதும் நம் வேலைதான். ஒருவேளை தண்ணீர் போய்விட்டால், அன்றைக்கே திறக்கக் கொடுக்க வேண்டும். கடல் தண்ணீர் என்றால் அடுத்த நாள்கூடத் தாமதம்.

சித்தப்பாவின் எச்எம்டி

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது கும்பகோணத்திலிருந்து சித்தப்பா ஒரு வாட்சை எடுத்துவந்தார். கல்யாணத்தில் மாமனார் போட்ட எச்எம்டி. "ரிடையர் ஆயிட்டேன், இனிமே இதையே தெனம் கட்டலாமாம்மா? ஒரு நிமிஷம் ஒண்ணரை நிமிஷம் ஃபாஸ்ட்டா போகுது, அதச் சரி பண்ணிக் கொடு" என்றார். அவருக்கும் கவலை நேரத்தைப் பற்றித்தான். காந்தம் எடுத்ததில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. ஆனால் பிளாஸ்டிக் கண்ணாடியின் ஓரத்தில் மயிரிழை விரிசல்கள். குமிழ் யாரோ மாற்றிப் போட்டது, தண்டோடு ஆடுகிறது. தினமும் கட்டினால் காவிரிக்கரை ஈரத்துக்கு அது ஒரு பருவம் தாங்குவதே கஷ்டம்.

ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த எச்எம்டியின் வாட்ச் கம்பெனியை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இன்று ஒரு தண்டோ ஸ்பிரிங்கோ வேண்டுமென்றால் பெரும்பாலும் செத்த இன்னொரு வாட்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் இந்த வாட்சுகளில் துருவுக்குப் பலியாகிற ஒவ்வொரு பாகமும் எனக்கு வருத்தம் தருகிறது. இதை அலமாரியில் பூட்டி வையுங்கள் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்; ஓடாமல் கிடந்தால் எண்ணெய் இறுகும், அதோடு கட்டத்தானே மாமனார் போட்டார். சித்தப்பாவிடம், ஆடியிலிருந்து மார்கழிவரை மழை தெரிந்தால் கழற்றிவிடுங்கள், தை பிறந்தால் தாராளமாக தினமும் கட்டுங்கள் என்றேன். கண்ணாடியை மாற்றக் கொடுத்தாயிற்று. குமிழுக்குச் சரியான அளவில் இன்னொன்று கிடைக்கவில்லை. பாரிமுனைப் பெரியவர் தேடிக்கொண்டிருக்கிறார்.